மூட்டுக்குள் மூளும் நெருப்பு

ஹோம்புஷ் புகையிரத நிலையத்தை அடுத்துள்ள எம்மவர் கடைகளுக்குச் சனிக்கிழமை காலையில் போனால், மீனுக்கும் மரக்கறிக்கும் அடுத்தபடியாக விலைப்படுவது நோவெண்ணெய்தானோ என்று எங்களுக்குச் சில வேளைகளில் தோன்றும். "முழங்கால் உளைவுக்கு எது நல்லது?", "விரல் விறைப்புக்கு எதைப் பூசலாம்?" என்று கேட்டபடி யாராவது ஒருவர் நின்றுகொண்டிருப்பார். எம்மில் பெரும்பாலானோர் கையால் உழைப்பவர்கள். பெட்டி அடுக்குகிறோம், இறைச்சி வெட்டுகிறோம், கட்டடங்களைக் கூட்டித் துடைக்கிறோம், முதியோர் இல்லங்களில் ஆட்களைத் தூக்கி இருத்துகிறோம். கை கால் நோவது எங்களுக்குப் புதினமல்ல. அதனாலேயே நோவை ஒரு நோயாக நாங்கள் எண்ணுவதில்லை.

அப்படி எண்ணாமல் விட்டதால் எங்கள் வீட்டில் நடந்ததையும், அதன் பின்னர் நாங்கள் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறோம். நாங்கள் வைத்தியம் படித்தவர்கள் அல்லர். ஓ.எல். சோதனையோடு விஞ்ஞானப் புத்தகத்தை மூடி வைத்தவர்கள். விளங்காதவற்றை டொக்டரிடமும் தாதியிடமும் திரும்பத் திரும்பக் கேட்டோம். வேலையில்லாத நாட்களில் றொச்செஸ்ரர் வீதி நூலகத்தில் இருந்து, அகராதியும் கையுமாகப் படித்தோம். புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு இது பயன்படும் என்பதே எங்கள் எண்ணம்.

அக்காவின் விரல்கள்

எங்கள் அக்காவுக்கு வயது நாற்பத்தொன்று. நாங்கள் வேலை செய்யும் அதே தொழிற்சாலையில், குளிர் அறையில், உணவுப் பெட்டிகளுக்கு மூடி போடும் வரிசையில் நின்றவர். காலை ஐந்து மணி சிவ்ற். ஒரு நாள் நாலு மணிக்குக் குசினியில் நின்றுகொண்டு, "தம்பி, இந்தப் போத்தல் மூடியை ஒருக்காத் திறந்து தாடா, விரல் மடங்குதில்லை" என்றார். நாங்கள் திறந்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டோம். குளிருக்குள் நிற்கிற கை விறைக்காமல் என்ன செய்யும் என்று அதற்கு ஒரு காரணமும் சொல்லிக்கொண்டோம்.

பிறகு அது ஒவ்வொரு காலையும் நடந்தது. முதலில் அரை மணித்தியாலம், பின்னர் ஒரு மணித்தியாலம், பின்னர் பத்து மணித் தேநீர் இடைவேளை வரை விரல்கள் விறைத்திருந்தன. இரண்டு கைகளிலும் விரல் மொளிகள் வீங்கின. மோதிரம் கழலவில்லை. இடியப்ப உரலை அமத்த முடியாமல் அக்கா இடியப்பம் அவிப்பதையே விட்டுவிட்டார். ஒரு நோவும் இல்லாத நாட்களிலும் காய்ச்சல் வந்து போனவரைப் போலக் களைத்திருந்தார். நாங்கள் எண்ணெய் வாங்கிக் கொடுத்தோம். பனடோல் வாங்கிக் கொடுத்தோம். ஒரு வைத்தியரிடம் அழைத்துச் சென்றபோது, எங்களுக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் "கை நோவு, தொழிற்சாலை வேலை" என்றோம். அவரும் நோவுக் குளிசை எழுதித் தந்தார். அந்தக் குளிசையில் நோவு குறைந்தது. நோவு குறைந்ததால் நோயும் குறைந்தது என்று நம்பினோம். இப்படியே எட்டு மாதங்கள் போயின.

எட்டாம் மாதம் இன்னொரு டொக்டர் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்து, விரல் மொளி வரிசையைப் பக்கவாட்டில் மெதுவாக அமத்தினார். அக்கா அலறிவிட்டார். "காலையில் எவ்வளவு நேரம் விறைப்பு இருக்கிறது?" என்பதுதான் அவர் கேட்ட முதற் கேள்வி. இரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். வந்த பெயர் முடக்குவாதம். ஆங்கிலத்தில் ருமற்றொயிட் ஆர்த்ரைற்றிஸ். வலது கைச் சுட்டுவிரல் மொளியில் குருத்தெலும்பு தேய்ந்து, எலும்பின் ஓரமும் அரிக்கப்பட்டிருந்ததை எக்ஸ்ரே காட்டியது. "போனதைத் திருப்பித் தர முடியாது. இருப்பதைக் காப்பாற்றலாம்" என்றார் டொக்டர். அந்தச் சொல்லுக்குப் பொருள் தேடித்தான் நாங்கள் படிக்கத் தொடங்கினோம்.

ஆட்டுக்காலில் ஒரு பாடம்

ஆட்டுக்கால் சூப் வைப்பவர்கள் எலும்பு பொருந்தும் முனையைக் கவனித்திருப்பார்கள். வெள்ளையாக, வழுவழுப்பாக, பீங்கான் போல மின்னும் ஒரு மூடி அங்கே இருக்கும். அதுதான் குருத்தெலும்பு. ஊரில் விஞ்ஞானப் பாடத்தில் கசியிழையம் என்று படித்தது இதைத்தான். எலும்போடு எலும்பு உரசாமல் வழுக்குவதும், நடக்கும்போது விழும் அதிர்ச்சியைத் தாங்குவதும் இதன் வேலை.

இதை உள்ளே பிரித்துப் பார்த்தால் இரண்டு பொருட்கள் முக்கியமானவை. ஒன்று கொலாஜன் என்னும் புரத நார். இது மீன்வலை போலப் பின்னியிருக்கிறது. மற்றையது அக்ரிகன் என்னும் பெரிய மூலக்கூறு. இது பஞ்சு போலத் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்கிறது. இறுக்கமான வலைக்குள் தண்ணீர் ஊறிய பஞ்சை அடைத்தால் எப்படி விறைப்பாகவும் இழுபடக்கூடியதாகவும் இருக்குமோ, அப்படித்தான் குருத்தெலும்பு இருக்கிறது. இந்த வலையையும் பஞ்சையும் செய்து பராமரிப்பவை உள்ளே அங்கொன்றும் இங்கொன்றுமாக வாழும் கலங்கள்.

குருத்தெலும்பைப் பற்றி இன்னும் இரண்டு சங்கதிகள் தெரிந்திருக்க வேண்டும். அதற்குள் இரத்தக் குழாய் இல்லை. ஆகவே வெட்டுக்காயம் ஆறுவது போல அது இலகுவில் ஆறுவதில்லை. அதற்குள் நரம்பும் இல்லை. ஆகவே குருத்தெலும்பு அழியும்போது அந்த இடம் நோவதில்லை. மூட்டில் நாங்கள் உணரும் நோவு, மூட்டைச் சுற்றியுள்ள உறையிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. நோவு என்பது வீட்டு வாசல் நாய் குரைப்பது போன்றது. நாயின் வாயைக் கட்டிவிட்டால் சத்தம் நிற்கும். கள்ளன் உள்ளேதான் இருப்பான். நோவுக் குளிசையை மட்டும் விழுங்கிக்கொண்டு எட்டு மாதங்கள் நாங்கள் செய்தது இதைத்தான்.

தூரத்தில் இருந்தே அழிப்பது எது?

அந்தக் கள்ளன் யார் என்று விஞ்ஞானிகள் தேடிய கதை சுவையானது. 1977இல் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜில், ஹொனர் பெல் என்னும் மூத்த பெண் விஞ்ஞானியும் அவரோடு வேலை செய்தவரும் பன்றியின் மூட்டிலிருந்து இரண்டு துண்டுகள் எடுத்தார்கள். ஒன்று குருத்தெலும்பு, மற்றது மூட்டை உள்ளே மூடியிருக்கும் மெல்லிய உறை. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று முட்டாமல் ஒரே கண்ணாடித் தட்டில் வைத்து வளர்த்தார்கள். உறை குருத்தெலும்பைத் தொடவேயில்லை. ஆனால் குருத்தெலும்பு கரையத் தொடங்கியது!

அதே பரிசோதனையைச் செத்த குருத்தெலும்பை வைத்துச் செய்தபோது, தூரத்தில் வைத்தால் அது கரையவில்லை. உயிருள்ள கலங்கள் உள்ளே இருந்தால்தான் கரைந்தது. இதிலிருந்து ஒரு விடயம் வெளித்தது. உறை ஏதோ ஒரு செய்தியை அனுப்புகிறது. அந்தச் செய்தியைக் கேட்டு, குருத்தெலும்பின் காவற்காரரான அதன் சொந்தக் கலங்களே தமது வீட்டை இடிக்கின்றன.

அந்தச் செய்தியைப் பிரித்தெடுக்கும் வேலையில் அதே ஊரில் ஜெரமி சக்லத்வாலா என்பவரும் ஈடுபட்டிருந்தார். கடைசியில் அது இன்ரர்லூக்கின்-1 என்னும் மூலக்கூறு என்று தெரியவந்தது. 1986இல், ரி.என்.எவ். எனப்படும் இன்னொரு மூலக்கூறும் இதே நாசத்தைச் செய்கிறது என்பதை சக்லத்வாலா காட்டினார். அது அக்ரிகனைக் கரையச் செய்வதோடு, புதிய அக்ரிகன் உருவாவதையும் தடுத்தது.

இப்படிப்பட்ட செய்தி மூலக்கூறுகளுக்குப் பொதுப் பெயர் சைட்டோகைன்கள். இவை உண்மையில் எங்கள் எதிரிகள் அல்ல. கிருமி புகுந்தால் உடலின் காவற்படையைக் கூப்பிடுவதற்கு இவை வேண்டும். வெட்டுக்காயம் சிவந்து வீங்கிச் சுடுவதும் இவற்றின் வேலைதான். அதைத்தான் அழற்சி என்கிறோம். முடக்குவாதத்தில் காவற்படை ஆள் மாறி, சொந்த மூட்டையே பகை என்று எண்ணிவிடுகிறது. கிருமியே இல்லாத இடத்தில் அபாயச் சங்கு ஓயாமல் ஊதிக்கொண்டிருக்கிறது.

சங்கு ஊதினால் நடப்பதைத் தொழிற்சாலைப் பாசையில் சொல்லலாம். மேலிடத்திலிருந்து "உடைக்கவும்" என்று ஓடர் வருகிறது. மூட்டுறைக் கலங்களும் குருத்தெலும்புக் கலங்களும் அந்த ஓடரின்படி கத்தரிக்கோல்களைச் செய்து வெளியே விடுகின்றன. இந்தக் கத்தரிக்கோல்கள் நொதியங்கள். ஒரு வகை அக்ரிகனை வெட்டுகிறது. அதாவது முதலில் பஞ்சு போகிறது. எம்.எம்.பி. எனப்படும் இன்னொரு வகையில் சில, கொலாஜனை வெட்டுகின்றன. அதாவது அடுத்ததாக வலை அறுகிறது. பஞ்சு போன கட்டத்தில் நெருப்பை அணைத்தால், கலங்கள் ஓரளவுக்குப் புதிய பஞ்சு செய்துகொள்ளும். வலை அறுந்த பின்னர் அதைப் பழையபடி பின்ன உடலால் முடிவதில்லை. "போனதைத் திருப்பித் தர முடியாது" என்று டொக்டர் சொன்னதன் பொருள் இதுதான்.

பஞ்சை வெட்டும் கத்தரிக்கோல்களில் முக்கியமானது எது என்பதைக் கண்டறிந்ததில் அவுஸ்திரேலியாவுக்கும் பங்குண்டு. 2005இல் மெல்பேர்ணில் அமண்டா பொசாங் தலைமையிலான குழுவினர், அடம்ற்ஸ்-5 என்னும் நொதியம் வேலை செய்யாத சுண்டெலிகளை ஆராய்ந்தார்கள். மூட்டில் அழற்சியை உண்டாக்கிய போதும் அவற்றின் குருத்தெலும்பு பெருமளவு காப்பாற்றப்பட்டிருந்தது. அதே காலத்தில் அமெரிக்காவில் வேறொரு குழுவும் தனியாக இதே முடிவுக்கு வந்தது.

ஓர் அகதிப் பிள்ளையும் ஒரு பஞ்சாபியும்

இனி, எங்களை நிமிர்ந்து உட்கார வைத்த பகுதிக்கு வருகிறோம். மார்க் பெல்ட்மன் 1944இல், இன்று உக்ரேனில் உள்ள ல்விவ் நகரில், யுத்தத்துக்குள் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யுத்தம் முடிந்ததும் குடும்பம் பிரான்சுக்குப் போனது. பின்னர் அவர் சிறுவனாக இருக்கும்போதே அவுஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தது. மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து, அந்த நகரிலேயே ஆராய்ச்சிப் பட்டமும் பெற்று, அவர் இலண்டன் போனார். அங்கே அவரோடு சேர்ந்தவர் ரவீந்தர் மைனி. அவர் 1937இல் பஞ்சாபில் பிறந்து, கிழக்கு ஆபிரிக்காவில் வளர்ந்து, இங்கிலாந்துக்கு வந்து வைத்தியரானவர். இடம்பெயர்ந்து வந்த இரண்டு குடும்பங்களின் பிள்ளைகள்.

முடக்குவாத மூட்டுக்குள் ஒன்றிரண்டல்ல, பல வகையான சைட்டோகைன்கள் இருந்தன. "இத்தனை பேர் சத்தம் போடும் இடத்தில் ஒருவனின் வாயை மூடி என்ன பயன்?" என்பதே அக்காலத்தில் பலரின் எண்ணம். பெல்ட்மன், மைனி குழுவைச் சேர்ந்த பியோனுலா பிரெனன் முதலானோர், நோயாளிகளின் மூட்டிலிருந்து எடுத்த கலங்களை வளர்த்து, அவற்றில் ரி.என்.எவ்.வை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். அப்போது இன்ரர்லூக்கின்-1 உம் குறைந்தது. 1989இல் இதை வெளியிட்டார்கள். சத்தம் போடுபவர்களுள் ரி.என்.எவ். ஒரு சுப்பவைசர், அவரை நிறுத்தினால் கீழே உள்ளவர்களும் கையை எடுப்பார்கள் என்பது இதன் கருத்து.

1992இல் இலண்டன் சாரிங் குறொஸ் மருத்துவமனையில், வேறு மருந்துகளால் பயன் பெறாத நோயாளிகளுக்கு முதன்முதலாக ரி.என்.எவ்.வைத் தடுக்கும் மருந்து ஏற்றப்பட்டது. முதற் பரிசோதனையில் சேர்ந்தவர்கள் இருபது பேர். அவர்களின் வீக்கமும் விறைப்பும் குறைந்தன. 1994இல், எழுபத்துமூன்று பேரைக் கொண்டு, ஒரு பகுதியினருக்கு மருந்தும் மற்றவர்களுக்கு வெறும் திரவமும் கொடுத்து ஒப்பிட்டுச் செய்த பரிசோதனையும் இதனை உறுதிப்படுத்தியது. அந்த மருந்தின் பெயர் இன்பிளிக்சிமாப். பின்னர் எற்றானர்செப்ற், அடலிமுமாப் என வேறு மருந்துகளும் வந்தன. இன்ரர்லூக்கின்-6ஐத் தடுக்கும் மருந்து ஜப்பானியரின் ஆராய்ச்சியில் பிறந்தது. பெல்ட்மனுக்கும் மைனிக்கும் 2003இல் அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது. அதே 2003ஆம் ஆண்டில் இவ்வகை மருந்துகள் அவுஸ்திரேலிய அரசின் மருந்து மானியத் திட்டத்தில் முடக்குவாதத்துக்குச் சேர்க்கப்பட்டன. ஆனால் எடுத்த எடுப்பில் கொடுக்கமாட்டார்கள். வழக்கமான மருந்துகளைப் பல மாதங்கள் எடுத்தும் போதிய பயன் இல்லை என்று வாதநோய் நிபுணர் காட்டிய பின்னரே அரச மானியத்தில் கிடைக்கும்.

நாம் கட்டாயம் அறிய வேண்டிய ஒரு எச்சரிக்கை

ரி.என்.எவ். எதிரி அல்ல என்று மேலே சொன்னோம். அதற்கு முக்கியமான ஓர் உதாரணம் காசநோய். எம்மவர் வந்த நாடுகளில் காசக் கிருமி பரவலாக உண்டு. சிலருக்கு அது சுவாசப்பையில் நோயாக மாறாமல், உடல் கட்டிய ஒரு மதிலுக்குள் உறங்கிக் கிடக்கும். அந்த மதில் இடியாமல் நிற்பதற்கு ரி.என்.எவ். வேண்டும். மருந்தால் ரி.என்.எவ்.வை நிறுத்தினால் மதில் இளகி, உறங்கிய கிருமி விழித்துக்கொள்ளலாம். இன்பிளிக்சிமாப் எடுத்த நோயாளிகளுக்கு இப்படி நடந்ததை 2001இல் அமெரிக்காவிலிருந்து அறிவித்தார்கள். ஆகையால் இம் மருந்தைத் தொடங்குமுன் காசநோய்க்கும் ஈரல் அழற்சிக்கும் பரிசோதிப்பார்கள். "குடும்பத்தில் யாருக்காவது கசம் வந்ததா? முகாமில் யாரோடு இருந்தீர்கள்?" என்று டொக்டர் கேட்டால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அந்தப் பதில் குடிவரவுத் திணைக்களத்துக்காக அல்ல, உங்கள் சுவாசப்பைக்காகக் கேட்கப்படுகிறது.

அக்காவுக்கு முதலில் தந்தது மெதோட்ரெக்சேற் என்னும் குளிசை. உலகெங்கும் இந்த நோய்க்கு முதலில் கொடுக்கப்படுவது பெரும்பாலும் இதுதான். இதில் உயிருக்கு ஆபத்தான ஒரு பிழை நடக்கக்கூடும். முடக்குவாதத்துக்கு இதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் எடுத்தால் இரத்தக் கலங்கள் குறைந்து சாவு வரை கொண்டுபோகலாம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று நாட்காட்டியில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறோம். போலிக் அமிலக் குளிசையை வேறொரு நாளில் எடுக்கச் சொன்னார்கள். இரத்தப் பரிசோதனைக்கு ஒழுங்காகப் போக வேண்டும். பிள்ளை பெற எண்ணியிருக்கும் பெண்கள் அதை முதலே சொல்லிவிட வேண்டும். கருவுக்கு இந்த மருந்து கூடாது.

எல்லா மூட்டு நோவும் இதுவா?

இல்லை. வயது போகப் போக முழங்காலில் வருவது பெரும்பாலும் மூட்டுத் தேய்வு. அதிலும் அழற்சி மூலக்கூறுகளுக்குப் பங்கு இருக்கிறது; குருத்தெலும்பும் அழிகிறது. ஆனால் நெருப்பு சிறியது, மெதுவானது. ரி.என்.எவ்.வைத் தடுக்கும் மருந்துகள் தேய்வுக்குப் பயன் தரவில்லை. தேய்வை நிறுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. தொடைத் தசைகளைப் பலப்படுத்தும் அப்பியாசமும் எடை குறைப்புமே அதற்குச் சிறந்தவை. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ அளவில் குறைகிறது என்று ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். ஒலிம்பிக் பூங்காவில் மாலையில் நடப்பதற்குக் காசு கேட்பாரில்லை.

யூரிக் அமிலத்தால் வரும் கீல்வாதமும் உண்டு. நுளம்பால் பரவும் கிருமியாலும் மூட்டு வீங்கலாம். இலங்கையில் 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பரவிய சிக்குன்குனியாவை யாழ்ப்பாணத்தவரும் மட்டக்களப்பாரும் மறந்திருக்கமாட்டார்கள். அவுஸ்திரேலியாவில் றொஸ் றிவர் காய்ச்சல் அது போன்றது. எது எது என்று எண்ணெய்ப் போத்தலைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்லலாம்.

வேலைக் களைப்பையும் முடக்குவாதத்தையும் எப்படிப் பிரித்தறிவது? எங்களுக்குச் சொல்லித் தந்தவை இவை. வேலை செய்யச் செய்யக் கூடி, ஓய்வெடுத்தால் குறையும் நோவு பெரும்பாலும் களைப்பு அல்லது தேய்வு. காலையில் எழும்போது கூடி, அரை மணித்தியாலத்துக்கு மேல் விறைத்திருந்து, கை கால்களை ஆட்டி அசைத்த பின்னர் இளகுவது அழற்சி. இரண்டு கைகளிலும் ஒரே இடத்தில் வீங்கினால், வீக்கம் மெதுமெதுவென்று சுடுமானால், மொளி வரிசையை அமத்த நோவெடுத்தால், காரணமில்லாத களைப்பும் சேர்ந்திருந்தால், காத்திருக்க வேண்டாம். இந்த நோய் ஆண்களை விடப் பெண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு அதிகம். வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டு, கடைசியாக வைத்தியரிடம் போகிறவர்களும் அவர்கள்தான் அல்லவா? புகை பிடித்தலும் இந்த நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஆண்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீக்கம் தொடங்கி ஆறு வாரங்களுக்குள் வாதநோய் நிபுணரைக் காண வேண்டும், மூன்று மாதங்களுக்குள் நோயை அடக்கும் மருந்து தொடங்க வேண்டும் என்று ஐரோப்பிய வாதநோய் நிபுணர்கள் வழிகாட்டுகிறார்கள். பஞ்சு போகும் காலத்துக்கும் வலை அறும் காலத்துக்கும் இடையில் உள்ள வாசல் அது. நாங்கள் அந்த வாசலைத் தாண்டிப் போய் ஐந்து மாதங்கள் கழித்துத்தான் கதவைத் தட்டினோம்.

என்ன செய்யலாம்?

முதலாவது, குடும்ப வைத்தியரிடம் போகுமுன் மூன்று விடயங்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த மூட்டுகள், எத்தனை வாரங்கள், காலையில் எத்தனை நிமிடம் விறைப்பு. "கை நோவு" என்று மட்டும் சொன்னால் நோவுக்கு மட்டுமே மருந்து கிடைக்கும். எங்களுக்கு நடந்ததில் எங்கள் பிழையும் உண்டு.

இரண்டாவது, ஆங்கிலம் போதாதென்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். 131 450 என்ற இலக்கத்தில் தேசிய மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது. தமிழும் உண்டு. மெடிக்கெயார் அட்டை வைத்திருப்பவரைப் பார்க்கும் வைத்தியர் இச் சேவையை இலவசமாகப் பயன்படுத்தலாம். பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப் போகாதீர்கள். தாயின் நோயைப் பத்து வயதுப் பிள்ளை சுமக்கத் தேவையில்லை.

மூன்றாவது, நிபுணரிடம் அனுப்பும் கடிதம் கேளுங்கள். அரச மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவில் காத்திருக்கும் காலம் நீளும். புதிய வீக்கம், இரத்தத்தில் அழற்சி என்று கடிதத்தில் எழுதி, அவசரம் என்று குறிக்கும்படி குடும்ப வைத்தியரிடம் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

நான்காவது, எண்ணெய் பூசுவதை விட வேண்டியதில்லை. அம்மா காய்ச்சித் தந்த எண்ணெயின் சூடும் கைபடுதலும் இதம் தரும். ஆனால் தோலில் பூசிய எண்ணெய் மூட்டுக்குள் போய் ரி.என்.எவ்.வை நிறுத்தாது. பெயரும் உள்ளடக்கமும் எழுதாத தூள், உருண்டை வகைகளில் கவனமாக இருங்கள். இப்படிப்பட்ட சிலவற்றில் சொல்லாமல் ஸ்ரெரொயிட் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இரண்டு நாளில் நோவு பறந்துவிட்டால் அந்த மருந்தைச் சந்தேகிக்க வேண்டும்.

ஐந்தாவது, வேலை போய்விடும் என்ற பயத்தில் மறைக்காதீர்கள். எங்களுக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும். ஊருக்கு அனுப்பும் காசும் வாடகையும் அந்த விரல்களில்தான் தொங்குகின்றன. ஆனால் மறைத்த எட்டு மாதங்கள் அக்காவுக்கு வேலையைக் காப்பாற்றித் தரவில்லை. விரலைத்தான் எடுத்துக்கொண்டன. வைத்தியரின் கடிதத்தைக் காட்டிய பிறகு அவரைக் குளிர் அறையிலிருந்து சீட்டு ஒட்டும் மேசைக்கு மாற்றினார்கள். சம்பளம் கொஞ்சம் குறைவு. ஆனால் வேலை இருக்கிறது.

இப்போது அக்காவின் காலை விறைப்பு கால் மணித்தியாலமாகக் குறைந்திருக்கிறது. மற்றைய மொளிகளில் வீக்கம் வற்றி, மோதிரம் மறுபடி கழல்கிறது. சுட்டுவிரல் மட்டும் முழுதாக மடங்குவதில்லை. இனி மடங்கவும் மாட்டாது. இடது கையில் இன்னும் கொஞ்சம் அழற்சி இருப்பதால் ரி.என்.எவ். மருந்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று நிபுணர் யோசிக்கிறார். சென்ற கிழமை காசநோய்ப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு, முடிவுக்காகக் காத்திருக்கிறோம். திரும்பி வரும் வழியில் அக்கா ஹோம்புஷ் கடையில் அரிசிமா வாங்கினார். இரவு இடியப்ப உரலை நாங்கள் அமத்தினோம்; தட்டில் பிழியும் வட்டத்தை அக்கா பார்த்துச் சொல்லித் தந்தார். வட்டம் கோணலாகத்தான் வந்தது.

உங்கள் வீட்டில் யாராவது அதிகாலையில் போத்தல் மூடியைத் திறக்கச் சொல்லிக் கேட்டால், திறந்து கொடுத்துவிட்டு, "எத்தனை நாளாக இப்படி?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அது.